சுவிட்சைத் தட்டினால் ‘டப்’: ஒலி மூலத்தை மாற்றும்போது வரும் சத்தத்தை அறிகுறி வைத்துப் பிடிப்பது

நம் நிகழ்ச்சிகளில் ஒலி ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. வரவேற்புரைக்கு மைக், நடனத்துக்கு மடிக்கணினி, வீணைக்கு ஒரு பிக்கப் (தந்தி அதிர்வை மின் அலையாக்கும் உணரி), சுருதிப் பெட்டிக்குத் தனி வயர், நடுவில் யாரோ கைபேசியில் கொண்டுவந்து நீட்டும் பாட்டு. சமூக மன்ற மண்டபமானாலும் புளோக் கீழ்த்தளத்தில் நடக்கும் கல்யாணமானாலும் இதே கதைதான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் ஸ்பீக்கரில் ‘டப்’ என்று விழுந்தால், முன்வரிசைப் பெரியவர்கள் எல்லோரும் உங்கள் பக்கம் திரும்புவார்கள்.

உடனே பலர் செய்வது, மூலத்தைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்சையே மாற்றுவது. விலை கூடிய ஒன்றை வாங்கிப் போடுவார்கள். சத்தம் அப்படியே இருக்கும். பெரும்பாலும் கோளாறு சுவிட்சில் இல்லை. தட்டுகிற நொடியில் அதன் இரண்டு பக்கமும் வெவ்வேறு வோல்டேஜில் நிற்பதுதான் கோளாறு. வீவக அடுக்குமாடியின் லிஃப்ட் தரைமட்டத்துக்கு ஓர் அங்குலம் மேலே நின்று கதவு திறந்தால் கால் தடுக்குமே, அந்த மாதிரி. கதவைத் திட்டிப் பயனில்லை. இரண்டு பக்கத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். அது முடியாத இடத்தில் மாற்றத்தை மெதுவாக்க வேண்டும். கீழே வரும் வைத்தியம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

தேவையானவை அதிகமில்லை: மில்லிவோல்ட் காட்டும் சாதாரண மல்டிமீட்டர், சால்டரிங் அயன், கொஞ்சம் ரெசிஸ்டர், சில ஃபில்ம் கெப்பாசிட்டர். இவற்றுக்குச் சிங்கப்பூரில் ஜாலான் புசாரில் இருக்கும் சிம் லிம் டவருக்குப் போங்கள். சிம் லிம் ஸ்குவேர் கணினி வாங்குகிறவர்களுக்கு. பெயர் ஒன்று போல இருப்பதால் புதிதாகப் போகிறவர்கள் அங்கே ஏறி இறங்கிவிட்டு வெறுங்கையோடு திரும்புவது உண்டு.

முதலில் மூன்று சோதனை

ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்பின் வால்யூமை வழக்கத்தைவிட நன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு இதைச் செய்ய வேண்டாம்.

எல்லா மூலங்களும் இணைந்திருக்கட்டும், எதிலும் ஒலி ஓட வேண்டாம். இந்த நிலையில் சுவிட்சைத் தட்டிப் பாருங்கள். அடுத்து, ஒரு மூலத்தில் 50 ஹெர்ட்ஸ் போல ஒரு தாழ்ந்த சீரான ஓசையை ஓடவிட்டுத் தட்டுங்கள். ஓசை எழுப்பும் இலவசச் செயலிகள் கைபேசிக்கு நிறைய இருக்கின்றன. கடைசியாக மூலங்களைக் கழற்றிவிட்டு, முனையையும் உறையையும் சேர்த்துச் சால்டர் வைத்த வெறும் ஜாக்குகளை உள்ளீடுகளில் செருகித் தட்டுங்கள்.

ஒலியே இல்லாதபோதும் சத்தம் வந்தால் அது டிசி (அலையாமல் ஒரே மட்டத்தில் நிற்கும் வோல்டேஜ்) தகராறு. ஓசை ஓடும்போது மட்டும் வந்தால் அலை பாதியில் வெட்டுப்படுகிறது. உள்ளீடுகளை ஷார்ட் செய்த பிறகும் வந்தால் குற்றவாளி உங்கள் சுவிட்ச் பெட்டியோ அதற்கு அடுத்து இருக்கும் கருவியோதான். மூலங்களைச் சந்தேகிப்பதை நிறுத்திவிடலாம்.

பாட்டே ஓடவில்லை, ஆனாலும் ஒவ்வொரு முறையும் ‘டப்’

அதிகம் பார்க்கிற புகார் இதுதான், எளிதாகத் தீர்வதும் இதுதான்.

மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்டில் வைத்து, கறுப்பு முனையைப் பெட்டியின் கிரவுண்டில், அதாவது ஜாக்கின் உறையில் பிடியுங்கள். சிவப்பு முனையைச் சுவிட்சின் ஒரு காலில் வையுங்கள். எண் உடனே நிற்காது. 90, 70, 55 என்று மெல்ல இறங்கும். அவசரப்படாமல் நிற்கும்வரை பாருங்கள். அந்த இறக்கமே ஒரு துப்புதான்: எங்கோ ஒரு கெப்பாசிட்டர் மின்னை வடிக்க வழியில்லாமல் தேங்கிக் கிடக்கிறது, மீட்டரின் 10 மெகா ஓம் வழியாக இப்போதுதான் வடிகிறது. இப்படி எல்லாக் கால்களையும், நடுவிலிருக்கும் பொதுக் காலையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு இருந்தால் தப்பு? வீட்டுக் கருவிகள் ஆம்புக்கு அனுப்பும் லைன் ஒலி ஏறத்தாழ 0.3 வோல்ட். இரண்டு கால்களுக்கு நடுவே 50 மில்லிவோல்ட் வித்தியாசம் என்றால் அது பாட்டில் ஆறில் ஒரு பங்கு, நன்றாகவே கேட்கும். ஒன்றிரண்டு மில்லிவோல்டுக்குள் கொண்டுவந்துவிட்டால் மண்டபத்தில் யாருக்கும் தெரியாது. மைக் அளவில் இந்தக் கணக்கு செல்லாது, அதற்குத் தனியாக வருகிறேன்.

இந்த டிசி எங்கிருந்து வருகிறது? 9 வோல்ட் பேட்டரியிலோ ஒற்றை அடாப்டரிலோ ஓடும் கருவிகள் உள்ளே ஒலியை 4.5 வோல்டின் மேல் ஏற்றிவைத்து வேலை செய்கின்றன. வெளியே வரும் இடத்தில் ஒரு கெப்பாசிட்டர் அந்த 4.5 வோல்டைத் தடுக்கிறது. அந்தக் கெப்பாசிட்டரின் வெளிப்பக்கத்தைக் கிரவுண்டோடு இணைக்க ஒரு ரெசிஸ்டர் இல்லையென்றால் அந்தப் பக்கம் அந்தரத்தில் தொங்கும். கசிகிற துளி மின் அங்கே சேர்ந்துகொண்டே இருக்கும். சுவிட்ச் போட்டதும் அது மொத்தமும் ஆம்புக்குள் பாயும். விலை குறைந்த சுருதிப் பெட்டிகளிலும் பிக்கப்பின் சிறு ஒலியைப் பெருக்கும் முன்பெருக்கிகளிலும் இந்த ரெசிஸ்டரை விட்டுவிடுவது சகஜம்.

தீர்வு: சுவிட்சின் ஒவ்வொரு உள்ளீட்டுக் காலிலிருந்தும் பொதுக் காலிலிருந்தும் கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர். எத்தனை ஓம் என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். எல்லா இடத்திலும் 1 மெகா ஓம் என்று சொல்வார்கள். தடுப்புக் கெப்பாசிட்டர் ஃபில்ம் வகையானால் சரி, அதில் கசிவு இல்லையென்றே சொல்லலாம். எலக்ட்ரோலைட்டிக்கானால் 1 மைக்ரோ ஆம்பியர் கசிவு சாதாரணம். அது 1 மெகா ஓமில் பாய்ந்தால் 1 வோல்ட் நிற்கும். பழைய நிலைக்கே வந்துவிட்டோம். அங்கே 47 கிலோ ஓமோ 100 கிலோ ஓமோ போடுங்கள். பிக்கப் நேரடியாக வரும் காலில் மட்டும் 1 மெகா ஓமுக்குக் கீழே இறங்க வேண்டாம், ஒலி மந்தமாகிவிடும். பீசோ பிக்கப்புக்கு அதுவே குறைவு. அதற்கு ஒரு முன்பெருக்கியைப் போட்டுவிட்டு அப்புறம் சுவிட்சுக்குக் கொண்டுவருவதுதான் சரி.

ரெசிஸ்டர் போட்டும் டிசி போகவில்லையென்றால் மூலத்தில் தடுப்புக் கெப்பாசிட்டரே இல்லை, அல்லது அது கெட்டுவிட்டது. நீங்களே வரிசையில் ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். அடுத்த கருவியின் உள்ளீடு 100 கிலோ ஓம் என்றால் 1 மைக்ரோஃபாரட் ஃபில்ம் போதும், 1.6 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். உள்ளீடு 10 கிலோ ஓம்தான் என்றால் அதே 1 மைக்ரோஃபாரட் 16 ஹெர்ட்ஸிலேயே வெட்டத் தொடங்கிவிடும், ஆகவே 10 மைக்ரோஃபாரட் வேண்டும். எலக்ட்ரோலைட்டிக் போடுவதானால் கூட்டல் கால் டிசி அதிகமுள்ள பக்கம் பார்க்கட்டும்.

முதல் தடவை மட்டும் ‘டப்’, அப்புறம் அமைதி

மேலே சொன்னதன் தம்பி இது. முதல் தட்டலில் கெப்பாசிட்டர் நிரம்பிவிடுகிறது, அதனால் அடுத்தடுத்த தட்டல்களில் சத்தம் இல்லை. அரை மணி நேரம் தொடாமல் விட்டால் மறுபடியும் வரும். வடிக்கும் ரெசிஸ்டர் இல்லாத காலைத் தேடிப் பிடித்துப் போடுங்கள், தீர்ந்தது.

கருவியை இயக்கிய முதல் நிமிடத்தில் மட்டும் வருகிறதென்றால் ரெசிஸ்டர் இருக்கிறது, ஆனால் மதிப்பு அதிகம். 10 மைக்ரோஃபாரடும் 1 மெகா ஓமும் சேர்ந்தால் 10 விநாடிக் காலம். முழுவதும் அடங்க அதைப்போல ஐந்து மடங்கு, கிட்டத்தட்ட ஒரு நிமிடம் ஆகும். 100 கிலோ ஓமாக்கினால் ஐந்து விநாடியில் அடங்கிவிடும். எதையும் மாற்ற மனமில்லையென்றால் நிகழ்ச்சிக்கு முன்பே இயக்கி வைத்துவிடுங்கள். இதுவும் வைத்தியம்தான்.

பாட்டு ஓடும்போது மட்டும் ‘டிக்’

இரண்டு பக்கமும் டிசி சுத்தமாக 0. ஆனாலும் நாதஸ்வரம் நீளமாக ஒரு ஸ்வரத்தில் நிற்கும்போது மாற்றினால் ‘டிக்’. தாழ்ந்த ஓசையில் இன்னும் மோசம். இங்கே எந்த உதிரிபாகமும் கெடவில்லை. அலை அதன் உச்சியில் இருக்கும்போது சட்டென்று 0-க்கு இறக்கினால் அந்தச் செங்குத்துச் சுவரே ஒரு சத்தம். தாழ்ந்தது முதல் உயர்ந்தது வரை எல்லா அதிர்வெண்ணும் அதில் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். தாழ்ந்த ஓசை ஓடும்போது அதை மறைக்க மேலே வேறொன்றும் இல்லாததால் ‘டிக்’ தனியாகத் துருத்திக்கொண்டு தெரிகிறது. ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: எவ்வளவு நல்ல இயந்திர சுவிட்சாலும் இதைத் தவிர்க்க முடியாது.

ஒரு வழி, அலை 0-ஐக் கடக்கும் நொடி வரை காத்திருந்து மாற்றுவது. பிஜிஏ2310 போன்ற வால்யூம் சில்லுகள் இதைத் தாமாகவே செய்யும். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் இரண்டு பாட்டுகளுக்கு நடுவே மாறும்போது ஒன்று 0-இல் இருக்கும் நேரத்தில் இன்னொன்றும் 0-இல் இருக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? ஸ்டீரியோவில் இடதும் வலதும் வேறு. அதனால் மூலம் மாற்றும் வேலைக்கு நான் இதைப் பெரிதாக நம்புவதில்லை. வால்யூம் படிகளுக்கு நன்றாக உதவும்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி: தணி, மாற்று, உயர்த்து. ஒலியை 10 அல்லது 20 மில்லிவிநாடியில் இறக்கிவிட்டு, அமைதியில் சுவிட்சைத் தட்டி, சற்றுப் பொறுத்து, மீண்டும் 10, 20 மில்லிவிநாடியில் ஏற்றுவது. காதுக்கு இது உடனடி மாற்றமாகவே படும், ‘டிக்’ மட்டும் காணாமல் போயிருக்கும். மிக்சர் இருந்தால் ஃபேடரே இந்த வேலையைச் செய்யும். மிக்சர் பக்கத்திலேயே இருக்கும்போது தனிச் சுவிட்ச் பெட்டி எதற்கு என்று எனக்குப் புரிவதில்லை. ஆனால் மேடையில் கலைஞரே காலால் மாற்ற வேண்டிய இடங்கள் இருக்கின்றன, அங்கே பெட்டி வேண்டும்தான்.

அப்படிப் பெட்டிக்குள் செய்ய வேண்டுமானால் ஜேஃபெட் (ஒருவகை டிரான்சிஸ்டர்) சுவிட்ச் நல்ல தேர்வு. பாஸ், ஐபனேஸ் கிட்டார் பெடல்களில் பல காலமாக இருப்பது இதுதான். அதைத் திறந்து மூடும் ‘கேட்’ காலுக்கு வரும் கட்டளையை 1 மெகா ஓம், 10 நானோஃபாரட் வழியாக விட்டால் 10 மில்லிவிநாடிக் காலத்தில் மெல்லத் திறக்கும், மெல்ல மூடும். தணித்தலும் மாற்றுதலும் ஒரே இடத்தில் முடிந்துவிடுகிறது. 9 வோல்ட் சுற்றுக்கு ஜே113 எடுங்கள். அதை முழுக்க மூட, அதாவது ஒலியை நிறுத்த, அதிகபட்சம் 3 வோல்ட் போதும், ஒலி 4.5 வோல்டின் மேல் உட்கார்ந்திருப்பதால் கேட்டை 0-க்கு இழுத்தாலே மூடிவிடும், அலைக்கு ஒன்றரை வோல்ட் இடமும் மிஞ்சும். ஜே111 சில நேரம் 10 வோல்ட் வரை கேட்கும்; 9 வோல்டில் அது அரைகுறையாக மூடி ஒலியைக் கசியவிடும். கடைக்காரர் “ரெண்டும் ஒண்ணுதான் தம்பி” என்று ஜே111-ஐ நீட்டினால் வாங்க வேண்டாம்.

ரிலேவை (மின்சாரத்தால் தாவும் சுவிட்ச்) ஒரு மைக்ரோகன்ட்ரோலர் வைத்து ஓட்டுகிறவர்கள், ஒலிப் பாதையில் 1 கிலோ ஓம் வரிசையில் போட்டு, அதற்கு அடுத்த புள்ளியைக் கிரவுண்டுக்கு இழுக்கும் ஒரு மியூட் டிரான்சிஸ்டர் சேர்த்துக்கொள்ளலாம். இந்த வேலைக்கென்றே 2எஸ்சி2878 என்று ஒன்று இருக்கிறது. மியூட் செய்து 20 மில்லிவிநாடி, ரிலே மாற்றி 30 மில்லிவிநாடி, பிறகு மியூட்டை விடுவியுங்கள். ரிலே தாவுவதும் அதன் தொடுமுனைகள் துள்ளி அடங்குவதும் அந்த இடைவெளிக்குள் முடிந்துவிடும்.

கணினியில் பாட்டுகளை வெட்டி ஒட்டும்போது வரும் ‘டிக்’ கூட இதேதான். ஒட்டுமிடத்தில் 5 முதல் 10 மில்லிவிநாடி கிராஸ்ஃபேட் (ஒன்று தணியத் தணிய மற்றது உயர்வது) போடுங்கள்.

‘டப்’ இல்லை, ‘கர்ர்ர்’

தட்டும்போது மணல் அரைப்பது போல வந்தால், அல்லது சுவிட்சை விரலால் லேசாக அசைத்தாலே ஒலி போய் வந்தால், இங்கேதான் சுவிட்ச் உண்மையிலேயே குற்றவாளி. நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் எப்போதும் அதிகம். மின்விசிறி மட்டும் உள்ள ஸ்டோர் அறையில் அடுத்த நிகழ்ச்சி வரை கிடக்கும் ஜாக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள்: செருகியிருந்த இடத்தில் வளையமாகப் பளபளப்பு இருக்கும், மற்ற இடம் மங்கிய பழுப்பு. சுவிட்சுக்குள்ளும் அதே கதி.

தொடுமுனை சுத்திகரிப்பு ஸ்பிரே கொஞ்சம் அடித்து, இருபது முப்பது தடவை தட்டுங்கள். பூட்டுக்கு அடிக்கிற சாதாரண எண்ணெய் ஸ்பிரே வேண்டாம். அது படலமாக நின்று தூசியைப் பிடிக்கும். சில மாதத்தில் மறுபடியும் வந்தால் ஸ்பிரேயோடு மல்லுக்கட்டாமல் தங்க முலாம் பூசிய தொடுமுனை உள்ள சுவிட்சாக மாற்றிவிடுங்கள். ரிலேக்கும் இதே விதி. பெரிய மின்னோட்டத்துக்குச் செய்த பவர் ரிலேயை லைன் ஒலிக்குப் போடக்கூடாது. அதன் தொடுமுனைகள் சிறு தீப்பொறியால் தம்மைச் சுத்தம் செய்துகொள்பவை. மில்லிவோல்ட் ஒலியில் பொறி எங்கே வரும்? சிக்னல் ரிலே என்று கேட்டு வாங்குங்கள்.

குளிரூட்டிய மண்டபத்திலிருந்து நேராகக் கீழ்த்தளத்துக்கோ திறந்த மேடைக்கோ கொண்டுவந்த பெட்டிக்குள் பனி வேர்க்கும். அரை மணி நேரம் மூடியபடியே வைத்துவிட்டு அப்புறம் மின்சாரம் கொடுங்கள்.

எல்இடி எரியும்போது அல்லது ரிலே தாவும்போது மட்டும்

உள்ளீடுகளை ஷார்ட் செய்தும் சத்தம் வருகிறது, எல்இடியைக் கழற்றினால் போய்விடுகிறது. அப்படியானால் எல்இடியின் மின்னோட்டம் ஒலியின் கிரவுண்ட் வயரைப் பகிர்ந்துகொள்கிறது. எல்இடிக்கும் ரிலே சுருளுக்கும் தனி கிரவுண்ட் வயர் போட்டு, மின் உள்ளீட்டு ஜாக்கில் மட்டும் ஒலிக் கிரவுண்டோடு சேருங்கள். எல்இடியின் ரெசிஸ்டரை 10 கிலோ ஓமுக்கு உயர்த்தினாலே பாதி தீர்ந்துவிடும். இன்றைய எல்இடிகளுக்கு 1 மில்லி ஆம்பியருக்குக் கீழேயே போதுமான வெளிச்சம். ரிலே சுருளின் குறுக்கே 1என்4148 டயோடு இருக்கிறதா, அதன் கோடு போட்ட பக்கம் கூட்டல் முனையில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

சிடி4053, 4066 சில்லு போட்டும் சத்தம்

இயந்திர சுவிட்ச் வேண்டாம் என்று மின்னணுச் சுவிட்சுக்கு மாறியவர்கள் வந்து நிற்கும் இடம் இது. முதலில் ஒலி எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சில்லுக்கு 0-க்கும் 9 வோல்டுக்கும் நடுவே மின்சாரம் கொடுத்துவிட்டு, ஒலியை 0-ஐச் சுற்றி விட்டால் அலையின் கீழ்ப்பாதி சில்லின் எல்லைக்கு வெளியே போகிறது. மூடிய சுவிட்ச் கூட அப்போது கசியும், உருக்குலையும். இரண்டு வழி: எல்லா உள்ளீட்டையும் வெளியீட்டையும் 100 கிலோ ஓம் வழியாக ஒரே 4.5 வோல்டில் உட்கார வையுங்கள், அல்லது 4053-க்கு கூட்டல் 5, கழித்தல் 5 என இரட்டை மின்சாரம் கொடுங்கள். முதல் வழியில் ‘ஒரே’ என்பதுதான் முக்கியம். ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் தனித்தனி வோல்டேஜ் பிரிப்பான் போட்டால் ரெசிஸ்டர்களின் சிறு வித்தியாசமே பத்துப் பன்னிரண்டு மில்லிவோல்ட் படியாகிவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் சன்னமான ‘டிக்’ மிஞ்சினால் அது சில்லின் கட்டளை முனையிலிருந்து ஒலிப் பாதைக்குள் தெறிக்கும் மின். 10 பிகோ கூலும் தெறித்து 100 பிகோஃபாரட் உள்ள புள்ளியில் விழுந்தால் 100 மில்லிவோல்ட். அதே புள்ளியில் 1 நானோஃபாரட் வைத்தால் 10 மில்லிவோல்ட்தான். சுவிட்சுக்கு முன் ஒரு ஆப்ஆம்ப் பஃபர் (ஒலியை மாற்றாமல் வலுவோடு அனுப்பும் சுற்று) போட்டு மின்தடையைக் குறைத்தால் அதுவும் உடனே வடிந்துவிடும். கட்டளையை மெதுவாக்கிப் பார்க்கிறேன் என்று 4053-இல் இறங்காதீர்கள். உள்ளே இருக்கும் தர்க்கச் சுற்று எப்படியும் ஒரு புள்ளியில் படக்கென்றுதான் மாறும்.

மைக் மாற்றும்போது வெடி போல ஒன்று

மைக் அளவில் எல்லாக் கணக்கும் பெருகும். மைக் உள்ளீட்டில் 40 டெசிபல் பெருக்கம் இருந்தால் 1 மில்லிவோல்ட் படி 100 மில்லிவோல்டாகும். 60 டெசிபலில் முழு 1 வோல்ட். இதோடு பாண்டம் பவர் சேர்ந்தால் விளையாட்டில்லை. காண்டென்சர் மைக்குக்காக மிக்சர் 48 வோல்டை இரண்டு 6.8 கிலோ ஓம் வழியாக அதே வயரில் அனுப்புகிறது. மைக்கைப் பிடுங்கும்போதும் செருகும்போதும் இரண்டு ஒலி முனைகளும் ஒரே நொடியில் சேர்வதோ பிரிவதோ இல்லை. அந்தச் சிறு இடைவெளியில் 48 வோல்டின் பெரும்பகுதி ஒரு பக்கமாகப் பாய்ந்துவிடுகிறது. ஸ்பீக்கரின் டுவீட்டர் போகும் வேளை அது.

அதனால் வரிசை இது: சேனலை மியூட் செய்யுங்கள், பாண்டத்தை அணையுங்கள், அரை நிமிடம் பொறுங்கள், மைக்கை மாற்றுங்கள், பாண்டத்தைப் போடுங்கள், மைக் நிலைப்பட இன்னும் பத்து விநாடி கொடுங்கள், பிறகு மியூட்டை எடுங்கள். பரபரப்பான நிகழ்ச்சியில் இதற்கு நேரம் இருக்காது என்பது தெரியும். அப்படியானால் குறைந்தது மியூட்டையாவது விடாதீர்கள். சில சிறிய மிக்சர்களில் பாண்டம் பொத்தான் எல்லாச் சேனலுக்கும் ஒன்றுதான். பேச்சு நடுவில் அதைத் தொட்டால் மேடை மைக் எல்லாமே பாதிக்கும்.

இரண்டு காண்டென்சர் மைக்குகளை ஏ/பி பெட்டி (இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் பெட்டி) வழியாக ஒரே சேனலுக்கு மாற்றுவது இன்னொரு சிக்கல். விடப்பட்ட மைக் பாண்டத்தை இழந்து வடிந்துவிடும், திரும்பி வரும்போது முதலிலிருந்து நிரம்பும்; ஒவ்வொரு முறையும் வெடிதான். ரெசிஸ்டர் சேர்த்து இதைச் சரிசெய்ய முயல்வதைவிட, இரண்டுக்கும் தனித்தனிச் சேனல் கொடுத்து முன்பெருக்கிக்குப் பிறகு மாற்றுவது உத்தமம். டைனமிக் மைக்குகளுக்கு, அதுவும் பாண்டம் அணைத்திருந்தால், ஏ/பி பெட்டி பிரச்சினை செய்யாது.

கம்பியில்லா மைக்கைப் பேச்சாளர் தாமே அணைத்து ‘புஸ்’ஸென்று சத்தம் வரவைப்பது நமக்கெல்லாம் பழக்கமானது. மைக்கில் மியூட் பொத்தான் இருந்தால் பவர் பொத்தானை ஒட்டுப்பட்டையால் மூடிவிடுங்கள். நேரில் சொன்னால் எல்லோரும் “சரி சரி” என்பார்கள், மேடையேறியதும் மறந்துவிடுவார்கள்.

மடிக்கணினிக்கு மாற்றினால் மட்டும் ‘ம்ம்ம்’ அல்லது ‘பர்ர்ர்’

சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். சத்தம் நின்றால் சார்ஜர் வழியாக வருகிறது. நிகழ்ச்சி முடியும்வரை பேட்டரியிலேயே ஓட்டலாம் என்றால் அத்தோடு விட்டுவிடலாம்.

எர்த் இல்லாத சார்ஜர்களின் வெளியீடு, உள்ளே இருக்கும் வடிகட்டிக் கெப்பாசிட்டர்களால் நம் 230 வோல்டின் பாதியளவில் மிதக்கும். மின்னோட்டம் மிகச் சிறியது. மடிக்கணினியின் உலோகத்தைத் தடவும்போது விரலில் ஊறுவது போலத் தெரிவது அதுதான். ஜாக்கைச் செருகும் நொடியில் முனை முதலில் தொட்டால் அது ஒலி உள்ளீட்டிலேயே பாயும், ‘படார்’. எர்த் உள்ள சார்ஜரானால் வேறு தொல்லை: மடிக்கணினிக்கு ஒரு எர்த், ஆம்புக்கு இன்னொரு சாக்கெட்டில் இன்னொரு எர்த், நடுவே ஒலி வயரின் உறை. இந்த வளையத்தில் 50 ஹெர்ட்ஸ் சுற்றுகிறது.

இரண்டுக்கும் ஒரே மருந்து: மடிக்கணினிக்கும் மிக்சருக்கும் நடுவே ஒலித் தனிப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர், அல்லது அது உள்ளே இருக்கும் டிஐ பெட்டி, அதில் கிரவுண்டைப் பிரிக்கும் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ பொத்தானை அமுக்கிப் பாருங்கள். இரண்டையும் ஒரே சாக்கெட்டிலிருந்து எடுப்பதும் பல நேரம் போதும். மூன்று முனைப் பிளக்கின் எர்த் வயரை வெட்டிவிட்டால் சத்தம் போய்விடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சத்தம் போகும்தான், அடுத்து கோளாறு வரும்போது மைக் பிடித்திருப்பவரின் உயிரும் போகலாம்.

கிட்டார், வீணை வயரை மேடையில் கழற்றி மாட்டும்போது வரும் ‘பர்ர்’ருக்கு, கழற்றியவுடன் முனையைத் தானே ஷார்ட் செய்துகொள்ளும் ஜாக்குகள் உண்டு. நியூட்ரிக்கின் சைலன்ட் பிளக் அந்த வகை. கொஞ்சம் விலை, ஆனால் வாத்தியம் மாற்றிக்கொண்டே இருக்கும் கச்சேரிகளில் காசுக்கு ஏற்ற பயன்.

டிஜிட்டல் மூலம் மாறும்போது ‘டிக்’, முதல் சொல் விழுங்கப்படுகிறது

இங்கே மல்டிமீட்டரை உள்ளே வைத்துவிடலாம். சிடி பாட்டு 44.1 கிலோஹெர்ட்ஸ், காணொளி பெரும்பாலும் 48. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது டேக் (டிஜிட்டல் எண்களை ஒலி அலையாக்கும் சில்லு) தன் கடிகாரத்தை மறுபடியும் பூட்டிக்கொள்ள வேண்டும், அப்போது ‘டிக்’. கணினியின் ஒலி அமைப்பில் வெளியீட்டை 48 கிலோஹெர்ட்ஸ் என்று ஒன்றிலேயே நிறுத்திவிடுங்கள். நடன நிகழ்ச்சிக்கான எல்லாக் கோப்புகளையும் முன்னாலேயே ஒரே வீதத்துக்கு மாற்றி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

பாட்டு தொடங்கும்போதும், நின்று சில விநாடி கழித்தும் ‘டிக்’ வந்தால் ஒலிச் சில்லு மின்சாரம் மிச்சம் பிடிக்கத் தூங்கி எழுகிறது. லினக்ஸில் snd_hda_intel மாட்யூலின் power_save மதிப்பை 0 ஆக்கினால் தூங்காது. மற்றதில் டிரைவர் அமைப்பில் தேட வேண்டும். அமைப்பு எதுவும் கிடைக்கவில்லையென்றால் பின்னணியில் ஓசையே இல்லாத ஒரு கோப்பைத் தொடர்ந்து ஓடவிடுங்கள். நடைமுறையில் நன்றாக வேலை செய்யும்.

இயக்கும்போதும் அணைக்கும்போதும் ‘தொம்’

இதற்கு வரிசைதான் வைத்தியம். மூலங்கள், மிக்சர், கடைசியாக ஆம்ப். அணைக்கும்போது ஆம்ப் முதலில், அதன் விளக்கு முழுவதும் மங்கிய பிறகு மற்றவை. எல்லாவற்றையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் மாட்டி ஒரே பொத்தானால் அணைக்கிற பழக்கம் இருந்தால், ஆம்பை மட்டும் தனியாக எடுத்து வேறு சாக்கெட்டில் மாட்டுங்கள். தனியாக ஓடும் ஆம்பே இயக்கும்போது ‘தொம்’ என்றால், அதன் ஸ்பீக்கர் ரிலே தாமதிக்காமல் உடனே இணைக்கிறது. காதை ஆம்பின் அருகே வைத்துக் கேளுங்கள்: இயக்கி இரண்டு மூன்று விநாடி கழித்து ரிலே ‘கிளிக்’ என்று தாவ வேண்டும். உடனே தாவினாலோ சத்தமே இல்லாமல் போனாலோ உள்ளே இருக்கும் தாமதச் சுற்று போயிருக்கலாம். மூடியைத் திறக்காமல் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தப் பெரிய கெப்பாசிட்டர்களில் மின் தேங்கியிருக்கும்.